அப்பாவின் கண்ணில் ஆயில் வைத்து ஆறு மாதம், இப்போது கண் பிரஷர் 34: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வில்லிவாக்கம்_வாணி | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 66 வயது. ரயில் பெட்டித் தொழிற்சாலையில் (ஐ.சி.எஃப்.) வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போன ஆவணியில், வலது கண்ணில் ஓரமாகக் கறுப்புத் திரை இறங்குகிறது என்றார். கண்புரையாக இருக்கும் என்று நான்கு நாள் விட்டுவிட்டோம். அப்புறம் போய்ப் பார்த்தால் ரெட்டினா, அதாவது விழித்திரை, கழன்றிருக்கிறது. ஒரு தனியார் மருத்துவமனையில் (பெயர் வேண்டாம்) அறுவை செய்தார்கள். புரையையும் எடுத்து லென்ஸ் வைத்து, ரெட்டினா ஒட்டி நிற்கக் கண்ணுக்குள் சிலிக்கான் ஆயில் நிரப்பினார்கள். பார்வை ஓரளவு திரும்பியதும் நாங்கள் நிம்மதியாகிவிட்டோம்.

டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் 'எஸ்.ஓ.ஆர். 4/12' என்று கிறுக்கியிருந்தது. டிசம்பர் 4 வரச் சொல்கிறார்கள் என்று நினைத்து அன்றைக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர், இந்தப் பெயரில் அப்பாயின்ட்மென்ட் எதுவும் இல்லை, போன் செய்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். தையில் தம்பி கல்யாணம். அப்படியே ஓடிவிட்டது.

போன வாரம் அப்பாவுக்குக் கண்ணாடி மாற்றப் போனபோது, கடையில் இருந்த பெண் பவரைப் பார்த்துவிட்டு, 'உள்ளே இன்னும் ஆயில் இருக்கிறதா, பிரஷர் எப்போது பார்த்தீர்கள்?' என்று கேட்டாள். மறுநாளே வேறொரு டாக்டரிடம் போனோம். இடது கண் 15, வலது கண் 34. ஆயிலால் கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) வந்திருக்கிறது, சீக்கிரம் எடுக்க வேண்டும் என்றார். சொட்டு மருந்தும் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்.

அப்பாவோ, வலியே இல்லை, எதற்கு இன்னொரு ஆபரேஷன் என்கிறார். கண்ணைக் காப்பாற்ற வைத்த ஆயிலே எப்படிக் கண்ணைக் கெடுக்கும்? எடுத்தால் பிரஷர் சரியாகிவிடுமா?

எழும்பூர்_ராமன் | செவ்வாய், இரவு 10.05

வாணி, பதற வேண்டாம் அம்மா. அதற்காகத் தள்ளிப்போடவும் வேண்டாம். 34 சின்ன எண் இல்லை. 10 முதல் 21 வரைதான் வழக்கமான அளவு. வலி இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மெதுவாக ஏறும் பிரஷர் வலிக்காது. நான் பட்டவன் சொல்கிறேன், என் கதையை அப்புறம் எழுதுகிறேன்.

4/12 என்றால் டாக்டர்கள் பாஷையில் நான்கு மாதம். மூன்று நாள் என்றால் 3/7 என்று எழுதுவார்கள். நோயாளி கையில் கொடுக்கும் சீட்டில் இந்தச் சங்கேதம் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. 'மார்கழிக் கடைசிக்குள் ஆயிலை எடுக்க வரவும்' என்று தமிழில் ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

ஆப்டோம்_நிலா | செவ்வாய், இரவு 11.20

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது பார்வையைச் சோதித்துக் கண்ணாடிப் பவர் சொல்பவள், பல்லாவரம் பக்கம் வேலை. டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாணி, எஸ்.ஓ.ஆர். என்றால் சிலிக்கான் ஆயில் ரிமூவல். அந்தக் கண்ணாடிக்கடைப் பெண்ணுக்கு ஒரு கும்பிடு போடுங்கள். ஆயில் நிரம்பிய கண்ணில் பிளஸ் பவர் ஐந்து வரைகூட ஏறும். அதைப் பார்த்துத்தான் பிடித்திருப்பாள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. கண்ணுக்குள் ஒரு குழாயும் ஒரு வடிகாலும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு நிறம் தரும் வளையமான ஐரிஸுக்குப் பின்னால் நிமிடத்துக்கு 2, 3 மைக்ரோலிட்டர் நீர் சுரந்துகொண்டே இருக்கும். அது கண்பாப்பா என்ற நடுத்துளை வழியாக முன்னால் வந்து, கருவிழியும் (முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற படலம்) ஐரிஸும் சேரும் மூலையில் உள்ள சல்லடை வழியாக வெளியேறும். குழாயை மூட முடியாது. வடிகால் அடைத்தால் அழுத்தம் ஏறும், அது பின்னால் இருக்கும் பார்வை நரம்பை நசுக்கும்.

ஆயில் முழு உருண்டையாக இருக்கும்வரை பெரிதாகத் தொல்லை தராது. ஆனால் கண் நாள் முழுக்க அசைகிறது. மோரைக் கடைவது போல. அறுவைக்குப் பின் உள்ளே மிஞ்சிய ரத்தமும் புரதமும் சோப்பு மாதிரி வேலை செய்ய, உருண்டை உடைந்து பொடிப்பொடித் துளிகளாகும். அவை ஐரிஸுக்கு முன்னால் இருக்கும் அறைக்கு வந்து மேல் மூலையில் சேர்ந்து சல்லடையை அடைக்கும். ஏன் மேலே? சிலிக்கான் ஆயில் தண்ணீரைவிட லேசு, அடர்த்தி 0.97தான். ரசத்தின் மேல் நெய்ப்பொட்டு மிதக்குமே, அதே கணக்கு. இன்னும் சின்னத் துளிகளை உடம்பின் செல்களே விழுங்கிவிட்டு, அந்தச் செல்கள் சல்லடைக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். அந்த நிலைக்கு வந்த பிறகு ஆயிலை எடுத்தாலும் அடைப்பு முழுதாகப் போகாது. ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை: பலருக்கு இறங்கும், சிலருக்கு இறங்காது. நாள் ஆக ஆக இரண்டாவது வகை கூடும்.

ஆயிலில் 1000, 5000 என்று இரண்டு கெட்டித்தன்மை உண்டு. 1000 சீக்கிரம் உடையும். 5000 தாக்குப்பிடிக்கும், ஆனால் ஊசியில் ஏற்றுவதும் உறிஞ்சி எடுப்பதும் பாடு. சீட்டில் எது என்று இருக்கும், பாருங்கள்.

வில்லிவாக்கம்_வாணி | புதன், காலை 7.15

நிலா, சீட்டில் 1000 என்றுதான் இருக்கிறது. படித்ததும் அப்பாவின் மேல் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். கருவிழியின் மேல் விளிம்பில் நகத்தின் அடியில் இருக்கும் பிறை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. இதை நாங்கள் கல்யாண வீட்டிலேயே பார்த்தோம்! சித்தப்பா, 'வயசானால் வளையம் விழும்டா' என்று சொல்லி முடித்துவிட்டார்.

ஆப்டோம்_நிலா | புதன், காலை 8.02

வயதின் வளையம் இரண்டு கண்ணிலும் வரும், கருவிழியிலேயே படிந்திருக்கும். ஆயில் அதற்குப் பின்னால், நீரில் மிதக்கும். டார்ச்சில் பிரித்துச் சொல்ல முடியாது, டாக்டர்கள் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் வேண்டும். இமை அந்த இடத்தை மூடியிருப்பதால் டாக்டர்களே இமையைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும்.

கோடம்பாக்கம்_குமார் | புதன், காலை 10.30

என் கருத்து வேறு. ஆயில் வைப்பதே இரண்டாவது ஆபரேஷனுக்கு அட்வான்ஸ் புக்கிங் மாதிரி. ஆயிலுக்குப் பதில் கண்ணுக்குள் கேஸ் போட்டிருந்தால் தானாகக் கரைந்திருக்கும். இரண்டு பில் போட வழி செய்துவிட்டு அப்புறம் கிளாக்கோமா என்று மூன்றாவது பில். எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இப்படி.

ஆப்டோம்_நிலா | புதன், மதியம் 1.45

குமார் சார், கோபம் புரிகிறது. ஆனால் ஆயில் இன்று நேற்று வந்ததில்லை. 1962ல் பால் சிபிஸ் ரெட்டினா அறுவையில் அதைப் பயன்படுத்திக் காட்டினார். அதற்குமுன் கைவிட்ட கண்கள் அதனால் மீண்டன. பிரஷர் தொல்லையும் கூடவே வந்தது. இரண்டில் எது மேல் என்று பார்க்க அமெரிக்காவில் பெரிய ஆய்வு நடந்து 1992ல் முடிவுகள் வந்தன. மோசமாகச் சுருங்கிய ரெட்டினாவுக்கு, எஸ்.எஃப்.6 என்ற குறுகிய நாள் கேஸைவிட ஆயில் மேல். சி3.எஃப்.8 என்ற நீண்ட நாள் கேஸும் ஆயிலும் ஏறக்குறைய சமம். நாள்பட்ட பிரஷர் ஆயில் பக்கம் கூடுதல். பிரஷரே இல்லாமல் கண் சுருங்கிப்போவது கேஸ் பக்கம் கூடுதல். ஆக இரண்டிலும் விலை உண்டு.

தாமதமாக வந்து ரெட்டினா சுருங்கிவிட்டவர், ஒரே கண்ணை நம்பி இருப்பவர், கேஸுக்காகக் குப்புறப் படுக்க முடியாதவர், அவசரமாக விமானம் ஏற வேண்டியவர், இவர்களுக்கு ஆயில்தான் ஒத்துவரும். ஆயில் வைத்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். நான்காம் மாதம் போன் செய்து கூப்பிடாததைத் தவறு என்பேன்.

தாம்பரம்_சேகர் | புதன், இரவு 8.50

கேஸ் தானாகக் கரையும், தொல்லையே இல்லை என்று குமார் அண்ணன் சொன்னதால் எழுதுகிறேன்.

என் மைத்துனருக்குக் கேஸ். எந்த கேஸ் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கண்ணில் கேஸ் இருக்கிறது என்று எழுதிக் கையில் ஒரு பிளாஸ்டிக் பட்டை கட்டி அனுப்பினார்கள். அரிக்கிறது என்று மூன்றாம் நாளே கத்தரித்துப் போட்டார். மூன்றாவது வாரம் குன்னூரில் வளைகாப்பு. விமானம்தானே ஏறக்கூடாது, காரில் போகலாம் என்று கிளம்பிவிட்டோம். மேட்டுப்பாளையம் வரை பேசிக்கொண்டு வந்தார். கல்லாறு தாண்டியதும் பேச்சு நின்றது. பர்லியாறு வரும்போது கண்ணைப் பொத்திக்கொண்டு, 'உள்ளே யாரோ ஊதுகிற மாதிரி இருக்குடா' என்றார். அப்புறம் எதுவும் தெரியவில்லை என்றார், வாந்தி வேறு. நல்ல வேளையாக டிரைவருக்குப் புத்தி இருந்தது, வண்டியைத் திருப்பினார். கீழே இறங்க இறங்க வலி குறைந்தது. கோயம்புத்தூரில் டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் அரைமணி மேலே போயிருந்தால் கண்ணுக்கு ரத்தம் போவதே நின்றிருக்கும் என்றார்.

வளைகாப்புக்கு நாங்கள் போகவே இல்லை. இன்றுவரை அந்த வீட்டில் அது ஒரு மனத்தாங்கல்.

ஆப்டோம்_நிலா | புதன், இரவு 9.30

சேகர், சரியான நேரத்தில் சொன்னீர்கள். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே இருக்கும் குமிழி பெருக்கும். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தமே ஏறக்குறைய ஊட்டியில் இருப்பது போலத்தான். ஆகவே விமானத்துக்குச் சொன்ன தடை மலைக்கும் சேர்த்துத்தான்.

இந்த வாயுக்கள் மலையேறாமலே பெருக்கும். காற்றோடு கலக்காமல் போட்டால் எஸ்.எஃப்.6 இரண்டு நாளில் இரண்டு மடங்கு, சி3.எஃப்.8 மூன்று நான்கு நாளில் நான்கு மடங்கு. அதனால்தான் முதலாவதை 20 சதவீதம், இரண்டாவதை 14 சதவீதம் என்று காற்றோடு கலந்து போடுகிறார்கள். கலவை கொஞ்சம் பிசகினாலும் மறுநாள் காலை பிரஷர் 40, 50 போய் நிற்கும். மறுநாள் காலை கட்டாயம் வரச் சொல்வது அதற்குத்தான். எஸ்.எஃப்.6 சுமார் இரண்டு வாரம் தங்கும், சி3.எஃப்.8 ஆறு முதல் எட்டு வாரம்.

கையில் கட்டும் பட்டைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த நாட்களில் அப்பெண்டிக்ஸோ எலும்பு முறிவோ வந்து மயக்கம் கொடுக்க நேர்ந்தால் நைட்ரஸ் ஆக்சைடு தரக்கூடாது. அது ரத்தத்தின் வழியே குமிழிக்குள் புகுந்து அதை ஊதிவிடும். மயங்கிக் கிடப்பவரால் வாயால் சொல்ல முடியாது, பட்டைதான் சொல்ல வேண்டும். அரித்தாலும் கழற்றக்கூடாது.

வாணி, ஆயிலுக்கு இந்தப் பயம் இல்லை. அது விரியாது.

எழும்பூர்_ராமன் | வியாழன், காலை 6.10

என் கதை. எனக்கு ஆயிலும் இல்லை, கேஸும் இல்லை. கண்ணைச் சுற்றிப் பெல்ட். சிலிக்கான் ரப்பரில் ஒரு பட்டையை விழிவெண்படலத்தைச் சுற்றிக் கட்டி, கிழிந்த இடத்தை வெளியிலிருந்து உள்ளே அழுத்துவார்கள். வேட்டிக்கு இடுப்பில் பெல்ட் போடுகிற மாதிரிதான். இறுக்கம் கூடினால் கண்ணிலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்துப்போகும் சிரைகள் நசுங்கும். உள்ளே திசு வீங்கி முன்பக்கம் உருண்டு, வடிகால் இருக்கும் மூலையையே மூடிவிடும். எனக்கு மூன்றாம் நாள் ராத்திரி தலைவலியும் வாந்தியும். பித்தம் என்று சுக்குக் கஷாயம் குடித்துவிட்டுப் படுத்தேன்! விடிந்து போனால் பிரஷர் 46. சொட்டு மருந்திலேயே இரண்டு வாரத்தில் அடங்கியது, பெல்ட் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

முக்கியமான கேள்வி வாணி: அப்பாவுக்கு என்ன சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள்? வெல்டிங் புகையில் இருந்தவர் என்றீர்களே, வீசிங் உண்டா?

வில்லிவாக்கம்_வாணி | வியாழன், காலை 6.55

உண்டு சார். பத்து வருடமாக இன்ஹேலர். புட்டியில் டார்ஸோலமைடு, டிமோலால் என்று இரண்டு பெயர் போட்டிருக்கிறது. இரண்டு நாளாக ராத்திரியில் இருமல் கூடியிருக்கிறது. பனி என்று நினைத்தோம்.

ஆப்டோம்_நிலா | வியாழன், காலை 7.03

வாணி, உடனே டாக்டருக்குப் போன் போடுங்கள். டிமோலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. கண்ணில் விட்டாலும் மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழலை இறுக்கும். நீங்களாக நிறுத்திவிட்டு அப்படியே இருக்கவும் வேண்டாம், 34ல் இருக்கும் கண். மாற்று மருந்து கேட்டு வாங்குங்கள். மூச்சு வாங்கினால் போனும் வேண்டாம், நேரே எமர்ஜென்சி.

பெரம்பூர்_ஃபாத்திமா | வியாழன், காலை 11.40

ஆயில், கேஸ், பெல்ட் எல்லாம் வந்துவிட்டது, ஸ்டீராய்டை விட்டுவிட்டீர்களே. எங்கள் உம்மாவுக்குச் சர்க்கரையால் ரெட்டினாவில் நீர் கோத்தது. அறுவையோடு கண்ணுக்குள் டிரையாம்சினலோன் என்ற வெள்ளை மருந்தும் வைத்தார்கள். கண் முன்னால் பால்பொடி தூவின மாதிரி இருக்கு என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆறாவது வாரம் பிரஷர் 31. சிலர் உடம்பு ஸ்டீராய்டுக்கு அப்படித்தானாம். அந்தச் சல்லடையே இறுகிவிடும்.

அதைவிட மோசம், அறுவைக்குப் பின் கொடுக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து. நான்கு வாரத்தில் நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். கண் கொஞ்சம் சிவந்தால் பழைய புட்டியைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் இன்னொன்று வாங்குவோம். அவர்களும் கேட்காமல் கொடுப்பார்கள். உம்மா இப்படி மூன்று புட்டி விட்டிருந்தார், எங்களுக்குத் தெரியவே தெரியாது. தலையணைக்கடியில் இருந்தது.

மயிலை_மணி | வியாழன், மாலை 4.20

தினமும் இரவில் இரண்டு சொட்டுச் சுத்தமான விளக்கெண்ணெய் விட்டால் கண் பிரஷர் குறையும். பாட்டி வைத்தியம்.

மட்டுறுத்துநர் | வியாழன், மாலை 4.31

மணி அவர்களே, ஏற்கெனவே ஒரு எண்ணெயால்தான் இந்த இழையே ஓடுகிறது. அறுவை நடந்த கண்ணில் வீட்டு எண்ணெய் எதுவும் வேண்டாம். பரிந்துரை இங்கேயே இருக்கட்டும், யாரும் பின்பற்றக் கூடாது என்பதற்காக.

வில்லிவாக்கம்_வாணி | வியாழன், இரவு 9.15

ராமன் சார், நிலா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், பிரிமோனிடின், டார்ஸோலமைடு, தனித்தனிப் புட்டி. தவறு எங்களுடையதும்தான், டாக்டர் கேட்டபோது அப்பா 'ஆஸ்துமா எல்லாம் இல்லை' என்று சொல்லியிருக்கிறார். இன்ஹேலர் பாக்கெட்டில் இருக்கிறது!

மாத்திரை டயமாக்ஸ். விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்கிறது என்கிறார். இன்னொன்று, சிரிக்காதீர்கள்: தினமும் சாயங்காலம் பன்னீர் சோடா குடிப்பார். இரண்டு நாளாகக் கடைக்காரரோடு சண்டை, கேஸே இல்லாத சோடாவைக் கொடுக்கிறாய் என்று.

ஆப்டோம்_நிலா | வியாழன், இரவு 9.50

கடைக்காரர் பாவம். டயமாக்ஸ் சாப்பிட்டால் சோடா சப்பென்றுதான் இருக்கும், விறுவிறுப்பு நாக்கில் தெரியாது. எறும்பு ஊர்வதும் அதனால்தான். பொட்டாசியம் குறையும் என்பதால் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். நீங்களாக இளநீர், வாழைப்பழம் என்று ஆரம்பிக்க வேண்டாம், சிறுநீரகம் எப்படி என்று தெரிய வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாது என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள், அப்பா சொல்ல மாட்டார் போலிருக்கிறது.

வில்லிவாக்கம்_வாணி | வெள்ளி, காலை 9.10

ஆயிலை எடுத்தும் பிரஷர் இறங்காவிட்டால் கண்ணில் நீரை வடிக்க டியூப் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி வைத்தார். ரொம்பச் செலவா?

ஆப்டோம்_நிலா | வெள்ளி, மதியம் 2.00

முன்பு இறக்குமதி டியூப் மட்டும்தான். இப்போது மதுரையில் கண் மருத்துவப் பொருள்கள் செய்யும் அரோலாபிலேயே செய்கிறார்கள், ஆடி (AADI) என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வெளிநாட்டு டியூபைவிடப் பல மடங்கு மலிவு. வால்வு இல்லாத வகை. வைத்தவுடனே நீர் பீறிட்டுக் கண் சுருங்காமல் இருக்க, டியூபை ஒரு நூலால் கட்டிவிடுவார்கள். நூல் தானாகக் கரைய ஐந்தாறு வாரம் ஆகும், அதன்பிறகுதான் பிரஷர் இறங்கும். ஆயில் இருக்கும் கண்ணில் டியூபைக் கீழ்ப்பக்கம் வைப்பது வழக்கம். மேலே வைத்தால் மிதக்கும் ஆயில் அது வழியாகக் கசிந்து வெளியே போய்விடும். கிளாக்கோமாவுக்கு வழக்கமாகச் செய்யும், புது வடிகால் திறக்கும் டிராபெக்யூலெக்டமி அறுவை இப்படிப்பட்ட கண்ணில் தழும்பு கட்டி அடைத்துவிடும், அதனால் பெரும்பாலும் டியூப், இல்லாவிட்டால் நீர் சுரக்கும் இடத்தை லேசரால் சுடுவது.

ஆயிலை எடுக்கும்போது ரெட்டினா மறுபடி கழல வாய்ப்பு உண்டு. அதையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எழும்பூர்_ராமன் | வெள்ளி, மாலை 5.30

செலவு இடித்தால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. 1819ல் தொடங்கியது, ஆசியாவிலேயே பழையது. கூட்டம் இருக்கும், காலை ஏழுக்கே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். பழைய மருத்துவமனையின் ஆபரேஷன் நோட்ஸ் ஜெராக்ஸ் கட்டாயம் வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

வில்லிவாக்கம்_வாணி | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, காலை 11.00

எல்லோருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று வந்தேன். ஆயிலை எடுத்தாயிற்று. கண்ணை மட்டும் மரக்கச் செய்து, முக்கால் மணி நேரம். உள்ளே பொடித் துளிகள் நிறைய, திரும்பத் திரும்பக் கழுவினோம் என்றார் டாக்டர். ரெட்டினா ஒட்டியிருக்கிறது. மாத்திரை நிறுத்தியாயிற்று, இரண்டு சொட்டு மருந்தோடு பிரஷர் 18. டியூப் இப்போதைக்கு வேண்டாமாம், மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். சோடாக் கடைக்காரரோடு சமாதானம்.

கோடம்பாக்கம்_குமார் | ஞாயிறு, காலை 11.25

நல்ல சேதி. ஆனாலும் அந்தக் கவுண்டர்க்காரரை நான் மன்னிக்க மாட்டேன்.

எழும்பூர்_ராமன் | ஞாயிறு, மதியம் 12.10

சந்தோஷம் அம்மா. நரம்பு எப்படி இருக்கிறது? பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்ட் டெஸ்ட் எடுத்தார்களா?

வில்லிவாக்கம்_வாணி | ஞாயிறு, மதியம் 12.40

எடுத்தார்கள் சார். வலது கண்ணில் மூக்குப் பக்கம் கொஞ்சம் போய்விட்டது. அது திரும்பாது என்றார்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் இடது கண் ஈடுகட்டிவிடுகிறது, அதனால் இத்தனை நாள் அப்பாவுக்கே தெரியவில்லை. டெஸ்ட் முடிந்து வந்ததும் ஹாலில் காலண்டர் முன்னால் நின்று, இடது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தார். புதன்கிழமையைப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை இல்லை என்கிறார்.